முப்பதைத் தாண்டிவிட்டீர்களா? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை?



கறவை மாட்டுக்கு அடுத்த ஊசி எப்போது, குழுக் கடனுக்கு அடுத்த தவணை எந்தத் தேதி, மரவள்ளிக்கு அடுத்த தண்ணீர் என்றைக்கு என்று கேட்டால் நாம் யோசிக்காமல் சொல்லுவோம். நம் கர்ப்பப்பை வாயை, மார்பை கடைசியாக ஒரு நர்ஸம்மாவோ டாக்டரோ எப்போது பார்த்தார்கள் என்று கேட்டால் மட்டும் யோசிக்க வேண்டியிருக்கிறது. "கடைசிப் பையன் பொறந்தப்ப பார்த்ததுங்க", "குடும்பக் கட்டுப்பாடு பண்ணினப்ப பார்த்தாங்க" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அந்தப் பையனுக்கு இப்போது கல்யாண வயது. இருபது வருடமாக யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பிள்ளைப்பேறு முடிந்ததோடு ஆஸ்பத்திரி வேலையும் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் அதிகம் தாக்குவது அதற்குப் பிறகு வரும் வயதில்தான். எந்தப் பரிசோதனையை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும், எது தேவையில்லை, எங்கே போக வேண்டும் என்று இந்த இதழில் பார்ப்போம்.

நோவு இல்லாதபோது எதற்குப் போகணும்?

"ஒரு தொந்தரவும் இல்லை, எதுக்குங்க போகணும்?" என்பது நியாயமான கேள்விதான். பதில் இதுதான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி தொற்றி, பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, கர்ப்பப்பை வாயின் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. அது புற்றுநோயாக மாற சாதாரணமாக 15 முதல் 20 வருடம் ஆகும். அத்தனை வருடமும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, உதிரப்போக்கும் இருக்காது. வேலை செய்துகொண்டு நன்றாகத்தான் இருப்போம். அந்தச் சமயத்தில் கண்டுபிடித்தால் சில நிமிட சிகிச்சையில் சரியாகிவிடும். வலியும் உதிரப்போக்கும் வந்த பிறகு போனால் கரண்டு வைத்தியம், பெரிய ஆபரேஷன், மாதக்கணக்கில் அலைச்சல்.

அதனால் ஒரு தொந்தரவும் இல்லாத காலம்தான் பரிசோதனைக்கு ஏற்ற காலம்.

2022-ல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்தப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 80,000 பெண்கள் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய் கணக்கெடுப்பு சொல்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை. நாடு முழுவதும் பார்த்தால் 100-க்கு 2 பேர்தான். மற்ற மாநிலங்களைவிட நாம் மேல் என்று சந்தோஷப்படலாம். ஆனால் நூறில் தொண்ணூறு பேர் இன்னும் போகவில்லை என்பதும் உண்மை.

திண்டுக்கல் பெண்கள் காட்டிய வழி

இந்தப் பரிசோதனையால் உயிர் பிழைக்க முடியும் என்பதை உலகத்துக்கு நிரூபித்தவர்கள் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ சமுதாய சுகாதார மையமும், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து 2000-ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 2003 வரை 31,343 பேர் வந்தார்கள். பரிசோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். ஒப்பிட்டுப் பார்க்க, வேறு பகுதியில் சுமார் 31,000 பெண்கள் வழக்கமான வைத்தியத்தோடு இருந்தார்கள்.

இதன் முடிவு 2007-ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதியில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. விலை உயர்ந்த மெஷின் எதுவும் இல்லை. ஒரு நர்ஸ், ஒரு விளக்கு, வினிகர் போன்ற ஒரு கரைசல், அவ்வளவுதான்.

இதே ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. பரிசோதித்தவர்களில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, சந்தேகப்படும்படி இருந்தது. மேற்கொண்டு பார்த்ததில் 1,874 பேருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தது. அவர்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 100-க்கு 72 பேர்தான். கண்டுபிடித்த பிறகும் 28 பேருக்கு சிகிச்சை நடக்கவில்லை. பரிசோதனை மட்டும் உயிரைக் காப்பாற்றாது. முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் போய் சிகிச்சை எடுப்பதுதான் காப்பாற்றும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

இந்தப் பகுதியை வெட்டி குழு நோட்டில் ஒட்டி வையுங்கள்.

கர்ப்பப்பை வாய்: 30 வயதில் தொடங்கி 65 வயது வரை. வினிகர் போன்ற கரைசல் தடவிப் பார்க்கும் பரிசோதனைக்கு வி.ஐ.ஏ. என்று பெயர். இதை 5 வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல், வி.ஐ.ஏ. அல்லது பாப் ஸ்மியர் என்றால் 3 வருடத்துக்கு ஒருமுறை என்று சொன்னது. நாம் இப்படி வைத்துக்கொள்ளலாம்: முடிந்தால் 3 வருடம், எப்படியும் 5 வருடத்தைத் தாண்டவிடக் கூடாது. எச்.பி.வி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை கிடைத்து, அதில் கிருமி இல்லை என்று வந்தால் 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை போதும்.

மாதவிலக்கு நின்றவர்கள்: வயது ஏற ஏற, கர்ப்பப்பை வாயில் பார்க்க வேண்டிய இடம் உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. சரியாகத் தெரியாது. அதனால் இவர்கள் பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனை கேட்டுச் செய்துகொள்வது நல்லது. "தீட்டே நின்னு போச்சு, இனி எனக்கென்ன" என்று விட்டுவிடக் கூடாது.

எச்.ஐ.வி. உள்ள சகோதரிகள்: 25 வயதிலேயே தொடங்க வேண்டும். இடைவெளியும் குறைவு. ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள்.

மார்பகம்: 30 வயதுக்கு மேல் 5 வருடத்துக்கு ஒருமுறையாவது நர்ஸ் அல்லது டாக்டர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டி. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் 2 வருடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது என்று 2021-ல் முடிவு வந்தது. ஆகவே 50-ஐத் தாண்டியவர்கள் இன்னும் அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் குளிக்கும்போது நம் மார்பு எப்போதும் எப்படி இருக்கிறது என்று நாமே தெரிந்து வைத்திருந்தால், புதிதாகக் கட்டி வந்தால் உடனே தெரியும்.

பிரஷர், சுகர்: 30 வயதுக்கு மேல் வருடம் ஒருமுறை. ரத்த அளவையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் அதிக உதிரப்போக்கால் பலருக்கு ரத்தசோகை வருகிறது.

எங்கே போவது? என்ன செய்வார்கள்?

தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முதலில் செய்து பார்த்து, 2012-லிருந்து மாநிலம் முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை விரிவாக்கப்பட்டது. நம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே போதும். தலைவாசல், கெங்கவல்லி, பெத்தநாயக்கன்பாளையம் என்று எந்த ஒன்றியத்தில் இருந்தாலும் முதல் படி அதுதான். மேற்கொண்டு பார்க்க வேண்டியிருந்தால் ஆத்தூர் அரசு மருத்துவமனைக்கோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். பரிசோதனைக்குப் பணம் கிடையாது. எந்த நாளில், எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள் என்று கிராம சுகாதார நர்சிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் வேலை கெடாது. 104 எண்ணுக்குப் போன் செய்தும் சுகாதார விவரம் கேட்கலாம்.

பரிசோதனை நடப்பது இப்படித்தான். தனி அறையில், திரை மறைவில், மேஜையில் படுக்க வைப்பார்கள். ஸ்பெகுலம் என்ற கருவியால் பிறப்புறுப்பை மெதுவாக விரித்து, விளக்கு வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். அசிட்டிக் அமிலக் கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். வெள்ளைத் திட்டு எழும்பினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். எழும்பாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மொத்தம் ஐந்து, பத்து நிமிடம். லேசாக எரியலாம், அவ்வளவுதான். உடம்பை இறுக்காமல் மூச்சை இழுத்து விட்டால் சிரமம் இருக்காது.

மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து தாம்பத்திய உறவு வேண்டாம், உள்ளே மருந்து எதுவும் வைக்க வேண்டாம். பெண் நர்ஸோ பெண் டாக்டரோ பார்க்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கூட ஒரு பெண்ணை அழைத்துப் போகவும் உரிமை உண்டு.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

மேலே சொன்ன வருடக் கணக்கு நன்றாக இருப்பவர்களுக்கு. கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால், போன மாதம்தான் பரிசோதனை செய்திருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

- மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும்
- உறவுக்குப் பின் உதிரம், அல்லது இரண்டு மாதவிலக்குக்கு நடுவே உதிரம்
- நாற்றத்தோடு, தண்ணீராக, அல்லது ரத்தம் கலந்து வெள்ளைப்படுதல்
- மார்பில் அல்லது அக்குளில் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோல் குழி விழுதல், காம்பு உள்ளிழுத்தல்
- அடி இறங்குவது, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவது
- காரணமில்லாமல் வயிறு உப்புவது, அடிவயிற்று வலி வாரக்கணக்கில் நீடிப்பது

அடி இறக்கத்தைப் பல சகோதரிகள் வருடக்கணக்கில் வெளியே சொல்லாமல், சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூட்டை தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு வைத்தியம் உண்டு. ஆபரேஷன் இல்லாமல் உடற்பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம் என்று வழிகளும் உண்டு.

எது தேவையில்லை?

பரிசோதனை என்றாலே பணம் பிடுங்கும் இடமும் இருக்கிறது. தொந்தரவே இல்லாத பெண்ணுக்கு வருடா வருடம் வயிற்று ஸ்கேன் எடுத்து சினைப்பைப் புற்றுநோயைத் தேடுவதால் உயிர் காப்பாற்றப்படுகிறதா என்று இங்கிலாந்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். சாவு குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. ஆகவே "முழு உடம்பு பேக்கேஜ்" என்று ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். தொந்தரவு இருந்து டாக்டர் ஸ்கேன் எழுதினால் அது வேறு, அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, "வெள்ளைப்படுதா? புண்ணு இருக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். சாதாரண வெள்ளைப்படுதல் பெரும்பாலும் மருந்தில் தீரும். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலர் இள வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் மாதவிலக்கு சீக்கிரமே நின்றது போலாகி, எலும்பு பலவீனமாகும். உடனே எடுத்தாக வேண்டிய நிலையும் சிலருக்கு உண்டு. அதனால் அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் புற்றுநோயா?

பதில்: இல்லை. திண்டுக்கல் கணக்கைப் பாருங்கள். பத்தில் ஒருவருக்குத் திட்டு வந்தது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. பெரிதாக்கிக் காட்டும் கருவியில் மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் சிறு துணுக்குச் சதை எடுத்து சோதிப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்றால், குளிர்வித்தோ சுட்டோ அந்தத் தோலை நீக்கிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

கேள்வி: நல்ல குடும்பத்துப் பொம்பளைங்களுக்கு இது வராதுன்னு சொல்றாங்களே?

பதில்: தவறு. உறவின் மூலம் பரவும் கிருமிதான், ஆனால் தாம்பத்தியத்தில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றக்கூடிய சாதாரணக் கிருமி. கணவர் ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரும். இதில் யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க ஒன்றுமில்லை. கணவர் இறந்து பல வருடமான சகோதரிகளும் பரிசோதனைக்குப் போக வேண்டும், பழைய கிருமி தங்கியிருக்கலாம்.

கேள்வி: எனக்குக் கர்ப்பப்பை எடுத்துட்டாங்க. நான் போகணுமா?

பதில்: புற்றுநோய் இல்லாத காரணத்துக்காக கர்ப்பப்பையை வாயோடு முழுதாக எடுத்திருந்தால் பொதுவாக இந்தப் பரிசோதனை தேவையில்லை. எதை எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். மார்பகம், பிரஷர், சுகர் பரிசோதனைகள் எப்போதும் போல உண்டு.

கேள்வி: பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இருக்காமே?

பதில்: ஆமாம். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி நல்ல பலன் தரும். தமிழக அரசும் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போட 2025-26 பட்ஜெட்டில் நிதி ஒதுக்கியது. சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஆனால் மகளுக்குப் போட்ட ஊசி அம்மாவைக் காப்பாற்றாது. அம்மாவுக்குப் பரிசோதனைதான்.

குழுவில் நாம் என்ன செய்யலாம்?

நாம் கடைப்பிடிக்கும் பத்து சூத்திரங்களில் ஆரோக்கியமும் ஒன்று. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்த தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களின் பெண்கள்தான். இந்த வேலை நமக்குப் புதிதில்லை.

முதலாவது, குழு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வயது, கடைசியாகப் பரிசோதித்த மாதம், அடுத்து போக வேண்டிய மாதம், இந்த நான்கு மட்டும் போதும். முடிவு என்ன என்று எழுத வேண்டாம், கூட்டத்தில் கேட்கவும் வேண்டாம். அது அந்த உறுப்பினரின் சொந்த விஷயம்.

இரண்டாவது, தனித்தனியாகப் போகாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். ஜவ்வரிசி மில்லுக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள் வேலை குறைந்த மாதமாகப் பார்த்து நாள் குறியுங்கள். கூட்டமாகப் போனால் கூச்சமும் பாதியாகும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு உறுப்பினரை மேல் சிகிச்சைக்கு வரச்சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். ஆத்தூரிலிருந்து சேலம் 50 கிலோமீட்டருக்கு மேல். கல்வராயன் மலைச் சகோதரிகளுக்கு ஆத்தூர் வருவதே ஒரு நாள் பயணம். சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, வீட்டில் சமையல், "உனக்கென்ன நல்லாத்தானே இருக்கே" என்ற பேச்சு, இவையெல்லாம் தடுக்கும். கூட ஒருவர் போகட்டும். தேவையென்றால் சேமிப்பிலிருந்து அவசரக் கடன் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமானால் ஊக்குநர் பேசட்டும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். திண்டுக்கல்லில் சிகிச்சை நடக்காமல் விட்டுப்போன அந்த 28 பேர் போல நம் குழுவில் ஒருவர்கூட இருக்கக் கூடாது.

தவணை தவறினால் அபராதம் கட்டிச் சரிசெய்துவிடலாம். பரிசோதனைத் தேதி தவறினால் எந்த அபராதம் கட்டியும் ஈடாகாது. அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முப்பதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "கடைசியா எப்பம்மா பார்த்தது?"